எழுந்து நின்ற மன்றம்

நெடுங்கரை என்று ஒரு நாடு. அந்த நாட்டில் போர்வீரர்களை வெறுத்தவர் ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு கிடைத்திருக்கலாம். வெறுப்பவனோடு வாதாட முடியும். தேர்தலில் அவனைத் தோற்கடிக்கவும் முடியும். நெடுங்கரையில் அதற்கு வழியில்லை. மன்றத்தின் கிழக்கு வரிசையில் அமர்ந்து ஆண்டவர்கள் வீரர்களை நேசித்தார்கள். மேற்கு வரிசையில் அமர்ந்து ஆளக் காத்திருந்தவர்களும் நேசித்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வரிசை மாறி உட்கார்ந்தபோதும் அந்த நேசம் குறையவில்லை.

அந்த மன்றத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரண்டும் நல்ல நோக்கத்தில் பிறந்தவை.

முதலாவது, வாக்களிக்கும் முறை. முன்னொரு காலத்தில் மன்றத்தார் சிலர் ஒரு மூலையில் நின்று கையைத் தூக்கிவிட்டு, எழுத்தர் எண்ணிக்கொண்டு வருவதற்குள் தூண்களுக்குப் பின்னால் ஓடி அடுத்த மூலையிலும் கையைத் தூக்கினார்கள். ஒரு சுங்கச் சட்டம், மன்றத்தில் இருந்த தலைகளைவிட அதிகமான கைகளால் நிறைவேறிவிட்டது. அதற்குப் பிறகு விதி செய்தார்கள். தன் இருக்கையில் அமர்ந்தபடி உயர்த்தும் கைதான் கை. நிற்பவன் கை எண்ணிக்கையில் சேராது. சட்டம் வாசிக்கப்பட்டதும் அவைத்தலைவரின் மேசைமேல் ஒரு மணற்குடுவை கவிழ்க்கப்படும். மணல் இறங்கி முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர வேண்டும். இல்லையென்றால் சட்டம் காலாவதியாகிவிடும்.

இரண்டாவது, மரியாதை முறை. வீரர்களைப் பற்றிய எதை வாசித்தாலும் மன்றத்தார் எழுந்து நின்று கை தட்டுவார்கள். எப்போது உட்கார வேண்டும் என்று வழக்கத்தில் சொல்லப்படவில்லை. அதைப் பொது அறிவுக்கு விட்டிருந்தார்கள். ஒருநாள், முழங்கால் வீங்கிய முதிய உறுப்பினர் ஒருவர் மற்றவர்களுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் எதிர்த்தரப்பினர் அவருடைய நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடி, பறை முழங்க ஊர்வலம் விட்டார்கள். ‘வீரர்களுக்கு முன் உட்கார்ந்தவன்’ என்று சுவர்களில் எழுதினார்கள். அடுத்த தேர்தலில் அவருக்கு அவருடைய மனைவியே வாக்களித்தாரா என்பது சந்தேகம். அன்றுமுதல் வீரர்களுக்காக எழுந்த மன்றத்தில் முதலில் உட்காரும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

இரண்டு வழக்கங்களும் ஒரே நேரத்தில் சந்திக்காதவரை தொல்லை ஒன்றும் இல்லை. அவற்றைச் சந்திக்க வைத்தது செங்கோடன் என்பவரின் இருமல்.

செங்கோடன் கந்தகக் கணவாய்ப் போரில் இருந்தவர். அந்தப் போரில் நெடுங்கரைப் படை குழிகள் வெட்டி, தாரையும் கந்தகத்தையும் கொட்டி எரித்தது. காற்று புகையை எதிரிமேல் கொண்டுபோகும் என்பது தளபதியின் திட்டம். காற்றுக்குத் தளபதியின் உத்தரவு போய்ச் சேரவில்லை. குழிக்குத் தீ மூட்டியவர்கள்தான் மழைக்காலம் முழுவதும் அந்தப் புகையைக் குடித்தார்கள். போரில் வெற்றி கிடைத்தது. தளபதிக்குச் சிலை வந்தது. தீ மூட்டியவர்களுக்கு இருமல் வந்தது.

தலைநகரில் பாசறை மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. அங்கே மூலிகை நீராவி பிடிக்க ஓர் ஆவி அறையும், கந்தகப் புகையில் வெந்த நுரையீரலைத் தேற்றத் தெரிந்த மருத்துவர்களும் இருந்தார்கள். படையில் இருந்தபடியே இருமியவர்கள் அங்கே சில மாதங்கள் படுத்துக் குணமாகி எழுந்தார்கள். ஆனால் அதன் கதவு பணியில் உள்ளவர்களுக்கு மட்டுமே திறக்கும். செங்கோடன் அங்கே சேருமுன்பே, இருமியதால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பணியில் இல்லாததால் அவருடைய இருமலுக்கு அங்கே மருத்துவம் இல்லை.

அவருடைய மனைவி பாவாயி, தங்கள் தொகுதியின் மன்ற உறுப்பினர் நஞ்சப்பரிடம் போய் நின்றாள். நஞ்சப்பர் கெட்டவர் அல்ல. அவள் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கி, அன்றே ஒரு சட்ட வரைவை எழுதினார். ‘போரில் நெஞ்சு கெட்ட வீரர், பணியில் இருந்தாலும் விலகியிருந்தாலும், அவரும் அவர் குடும்பத்தாரும் பாசறை மருத்துவமனைக்குள் அனுமதிக்கப்படுவர்.’ அவ்வளவுதான். ஒரே வாக்கியம்.

அது வாசிக்கப்பட்ட நாளில் செங்கோடனையும் பாவாயியையும் பார்வையாளர் மாடத்தில் நிறுத்தினார்கள். தலைமை அமைச்சர் கீர்த்திவாணர் எழுந்து மாடத்தை நோக்கிக் கை நீட்டினார்.

“இந்த மண்ணின் மூச்சே நம் வீரர்கள்தான். அந்த மூச்சுக்கு ஒரு தடை என்றால் அது இந்த மன்றத்தின் தொண்டையை அடைப்பதற்குச் சமம். என் அரசு இச்சட்டத்தை உயிருள்ளவரை ஆதரிக்கும்!”

எதிர்வரிசைத் தலைவர் விட்டுக்கொடுக்கவில்லை. “உயிர் போன பின்னும் நாங்கள் ஆதரிப்போம்!” என்றார்.

இரண்டு வரிசைகளும் எழுந்தன. கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. மாடத்தில் செங்கோடனுக்கு இருமல் வந்தது. மணற்குடுவையில் மணல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, முதலில் உட்காரப்போவது யார் என்று காத்திருந்து, அனைவரும் தட்டினார்கள். மணல் தீர்ந்தது.

எழுத்தர் எழுந்து வாசித்தார். “அமர்ந்த நிலையில் உயர்ந்த கைகள், இல்லை. சட்டம் காலாவதியானது. இச்சட்டத்துக்கு மன்றம் அளித்த ஒருமனதான ஆதரவு அவைக்குறிப்பில் ஏற்றப்படுகிறது.”

அதற்கும் கை தட்டினார்கள். இருமலைப் பற்றி மட்டும் சிறு சச்சரவு நடந்தது. அது ஆளும் தரப்பை ஆதரித்து எழுந்த இருமல் என்று கிழக்கு வரிசையும், அரசைக் கண்டித்து எழுந்தது என்று மேற்கு வரிசையும் வாதாடின. ‘பொதுவான இருமல்’ என்று பதியும்படி அவைத்தலைவர் தீர்ப்பளித்தார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்த செங்கோடன் மூச்சு திரும்பும்வரை குனிந்திருந்தார். பிறகு சிரித்தார்.

“ஏம்புள்ள, அத்தன பேரு எந்திரிச்சு நின்னு என்னயே பாக்கறதப் பாத்தா, நான் செத்துக்கித்துப் போயிட்டனோன்னு எனக்கே சந்தேகமாயிருச்சு.”

“வாயக் கழுவுங்க மாமா,” என்றாள் பாவாயி. “அடுத்த கூட்டத்துல ஆயிருமுன்னு நஞ்சப்பரு சொல்லியிருக்கறாரு.”

அடுத்த கூட்டத்திலும் எழுந்து நின்றார்கள். அதற்கடுத்த கூட்டத்திலும் நின்றார்கள்.

இவ்வளவு ஆதரவு வீணாகிப்போவதைத் தலைமை அமைச்சரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சட்டத்துக்குத்தான் மன்றத்தின் கைகள் வேண்டும். ஆணைக்கு அவர் முத்திரை போதும். ஆகவே ஆணைகள் வந்தன.

முதல் ஆணை, மரியாதை ஆணை. வீரர் ஒருவர் எதிரில் இருக்கும்வரை அரசுப் பணியாளர் எவரும் எழுந்து, இரு கைகளையும் உடலோடு ஒட்டி, அசையாமல் நிற்க வேண்டும். மீறினால் பணி போகும்.

செங்கோடன் ஊரில் ஓர் அரசு மருத்துவர் இருந்தார். ஆவி அறை இல்லாவிட்டாலும் கஷாயம் கொடுத்து, முதுகைத் தட்டி, இரவு தூங்குவதற்கு ஏதாவது செய்து அனுப்புவார். ஆணை வந்த வாரம் செங்கோடன் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து விறைத்து நின்றார்.

“டாக்டருங்களே, நேத்து ராத்திரி பூரா இவருக்குத் தூக்கமே இல்லீங்க,” என்றாள் பாவாயி. “நெஞ்சுல கையி வெச்சுப் பாருங்க.”

“கைய எடுக்கக் கூடாதும்மா.”

“அப்ப மருந்தாச்சும் குடுங்க.”

“மருந்து அலமாரில இருக்குது. கைய எடுத்தாத்தான அலமாரியத் தொறக்க முடியும்?”

“நாங்க ஆருகிட்டயும் சொல்ல மாட்டமுங்க.”

மருத்துவரின் கண் வாசலை நோக்கிப் போனது. அங்கே மரியாதைக் கண்காணிப்பாளர் என்று புதிதாக நியமிக்கப்பட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மருத்துவர் குரலைத் தாழ்த்தினார்.

“செங்கோடா, தப்பா நெனைக்காத. நீ முன்னால நிக்கற வரைக்கும் என்னால உன்னத் தொட முடியாது. வெளிய போனீன்னாத் தொடலாம். ஆனா வெளிய போயிட்டா எப்பிடித் தொடறது?”

செங்கோடன் இருமிக்கொண்டே சிரித்தார். “சரி உடுங்க. நான் போனாத்தான் நீங்க உக்கார முடியும். எத்தன நேரந்தான் நிப்பீங்க?”

இரண்டாம் ஆணை, வீரரும் அவர் குடும்பத்தாரும் கடைகளில் வரிசையில் நிற்பது அவர்களுக்கு இழுக்கு என்றது. ஆகவே அரிசிக் கடை வரிசையில் நின்ற பாவாயியைக் காவலர்கள் பணிவோடு கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். வரிசையில் நிற்காதவர்களுக்கு அரிசி எங்கே கிடைக்கும் என்று ஆணையில் இல்லை. அவள் கேட்டபோது காவலர்களில் ஒருவர், “அதுக்குத் தனி ஆணை வரும் அம்மிணி, பொறுங்க,” என்றார். அது வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் பங்கிலிருந்து படி அரிசி அளந்து கொடுத்தாள்.

மூன்றாம் ஆணை, நாட்டுக்காக வேல் பிடித்த கை காவற்காரன் தடியைப் பிடிக்கலாகாது என்றது. நெடுங்கரையில் பணி விலகிய வீரர்களில் முக்கால்வாசிப் பேர் கிடங்குகளிலும் கடைவீதிகளிலும் காவலுக்கு இருந்துதான் பிழைத்தார்கள். செங்கோடனும் ஒரு பருத்திக் கிடங்கின் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இருமுகிற காவலாளி தூங்கவில்லை என்பது ஊருக்கே தெரியும் என்று கிடங்கு முதலாளி பெருமையாகச் சொல்வதுண்டு. ஆணை வந்ததும் அவர் முக்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

“உங்களக் கேவலப்படுத்துனதா என்னயப் புடிச்சு உள்ள போட்ருவாங்க. நாடே உங்களத் தலைல தூக்கி வெச்சு ஆடுது, இங்க வந்து தடியப் புடிச்சுட்டு நிக்கோணுமா? ஊட்டுல போயி மரியாதயா இருங்க.”

வீட்டில் மரியாதையாக இருந்தார்கள். அடுப்பு பெரும்பாலும் எரியவில்லை.

இந்த மூன்று ஆணைகளையும் எதிர்வரிசை கடுமையாகக் கண்டித்தது. இவை போதாது என்றது.

ஐப்பசியில் குளிர் இறங்கியதும் செங்கோடனால் படுக்க முடியாமற்போனது. படுத்தால் மூச்சு அடைத்தது. நின்றால் கண் இருண்டது. முழங்கால்மேல் கைகளை ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் மூச்சு வந்தது. இரவும் பகலும் அப்படியே இருந்தார். பாவாயி ஒரு பாரவண்டிக்காரனைக் கெஞ்சி, அவரை ஏற்றிக்கொண்டு தலைநகருக்குப் போனாள். பாசறை மருத்துவமனை வாசலில் கிடந்தால் யாராவது மனம் இரங்குவார்கள் என்று நினைத்தாள்.

வாசலில் இருந்த காவலர் செங்கோடனைப் பார்த்ததும் விறைத்து நின்றார். இரங்கவும் செய்தார். ஆனால் கைகள் உடலோடு ஒட்டியிருந்தன.

“கதவத் தொறக்கோணும்னா கைய எடுக்கோணுமில்ல அம்மிணி. நான் என்னத்தப் பண்ணட்டும்?”

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியபோது பட்டுத்திரை போட்ட வண்டி ஒன்று வந்தது. உள்ளே மன்ற உறுப்பினர் ஒருவரின் மாமனார். காலில் ஆணி. காவலரின் கை சட்டென்று எழுந்து கதவைத் திறந்தது. வண்டி உள்ளே போனதும் மூடிவிட்டு மறுபடி உடலோடு ஒட்டிக்கொண்டது.

“இப்ப மட்டும் கையி வருதாக்கும்?” என்றாள் பாவாயி.

காவலரின் முகம் சிவந்தது. “அது வேற சட்டமுங்க அம்மிணி. மன்றத்துக்காரங்க, அவங்க பொண்டாட்டி புள்ளைக, மாமனார் மாமியாரு, எல்லாத்துக்கும் இங்க வைத்தியம் உண்டுன்னு சட்டம் இருக்குது.”

“அது எப்பிடிங்க நெறவேறுச்சு? அதுக்கு ஆரும் எந்திரிக்கலீங்களா?”

“அதுக்கு எதுக்கு எந்திரிக்கறாங்க? அதெல்லாம் உக்காந்து போட்ட சட்டம். நான் அப்ப மன்றத்துல காவலுக்கு இருந்தேன். மணலு கால்வாசி எறங்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கிழக்கால மேக்கால ரண்டு பக்கமும் கையத் தூக்குனாங்க. சத்தமே இல்ல. ஆருக்கும் தெரியாது.”

பாவாயிக்கு அந்த இடத்தில்தான் விஷயம் புரிந்தது. கைதட்டலில் மயங்கி, அவர்கள் நிற்பதை நல்லது என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தாள். செங்கோடனை வண்டிக்காரனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நேராக மன்றக் கட்டடத்துக்குப் போய் நஞ்சப்பரை நடைவழியில் மடக்கினாள்.

“ஏனுங்க, நீங்க எல்லாம் எங்குளுக்காக நிக்க வேண்டாமுங்க. உக்காருங்க, போதும்.”

நஞ்சப்பர் சுற்றுமுற்றும் பார்த்தார். “மெதுவாப் பேசு அம்மிணி. உன்ற வீட்டுக்காரனுக்காக நான் எத்தன தடவ எந்திரிச்சிருக்கறேன் தெரியுமா? முட்டி தேஞ்சு போச்சு.”

“முட்டி தேயறவரைக்கும் நின்னவரு ஒருக்கா உக்காரக் கூடாதுங்களா?”

“மொதல்ல உக்காந்தவன் கதி உனக்குத் தெரியாது.”

ஆனாலும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. அனைவரும் ஒரே நேரத்தில் உட்காரலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவைத்தலைவர் மணி அடிப்பார். மணி அடித்ததும் மொத்த மன்றமும் உட்காரும். யாரும் முதலில் உட்கார்ந்ததாக ஆகாது. அறிவுள்ள திருத்தம். அதன் முதல் வரி ‘வீரர்கள் தொடர்பான சட்டங்களின்போது’ என்று தொடங்கியது. ‘வீரர்கள்’ என்று கேட்டதும் மன்றம் எழுந்து நின்றது. மணல் தீர்ந்தது. திருத்தம் ஒருமனதான ஆதரவோடு காலாவதியானது.

அன்று மாலை நஞ்சப்பர் மருத்துவமனை வாசலுக்கே வந்தார். செங்கோடன் கற்படியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நஞ்சப்பர் பாவாயியின் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வாரம் வெற்றி நாள் கூட்டம். சட்டம் மறுபடி வருது,” என்றார். “இந்தத் தடவ நான் உக்காந்தர்றேன் அம்மிணி. என்ற நாற்காலிய ஊர்வலம் உட்டா உட்டுட்டுப் போறாங்க. ஒருத்தன் உக்காந்துட்டா மத்தவனும் உக்காருவான். என்ற புள்ளைக மேல சத்தியம்.”

“ஆவி அறைல எத்தன நாளு வெச்சாத் தேறுவாருன்னு கேட்டீங்களா?” என்றாள் பாவாயி.

“கேட்டேன். இப்பக் கொண்டுபோனாலும் தேத்திரலாம்னு சொல்றாங்க. இன்னும் தள்ளுனாச் சொல்ல முடியாதாம்.”

செங்கோடன் தலையைத் தூக்காமலே பேசினார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. “நீங்க உக்காந்தீங்கன்னா... நான் எந்திரிச்சு நின்னு... கை தட்டறனுங்க.”

வெற்றி நாளில் மன்றத்தைப் பூமாலைகளால் அலங்கரித்திருந்தார்கள். மாடத்தில் செங்கோடனுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்த இடம். முன்போலவே முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். இருபுறமும் மரியாதைக் காவலர் இருவர். கீழே கிழக்கு வரிசையின் நடுவில் நஞ்சப்பர். பாவாயி அவரையே பார்த்தாள். அவர் நிமிர்ந்து ஒருமுறை தலையசைத்தார்.

தலைமை அமைச்சர் பேசினார். எதிர்வரிசைத் தலைவர் அதைவிட நீளமாகப் பேசினார். சட்டம் வாசிக்கப்பட்டது. மணற்குடுவை கவிழ்ந்தது. மன்றம் எழுந்தது.

மன்றம் எழுந்தால் மாடமும் எழ வேண்டும் என்பது முறை. அதற்கு மட்டும் மரியாதைக் காவலர் உடலிலிருந்து கையை எடுக்கலாம். காவலர் இருவரும் செங்கோடனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

“அவர உடுங்க, நின்னா மூச்சு வராதுங்க,” என்று பாவாயி ஒருவனின் கையைப் பிடித்தாள்.

“வீரருக்கான மரியாதைல வீரரே உக்காந்திருந்தா எப்படீங்கம்மா?” என்றான் அவன். அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான்.

செங்கோடனின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கைதட்டல் உயர்ந்தது. பாவாயி நஞ்சப்பரைப் பார்த்தாள். மணல் பாதி இறங்கிவிட்டிருந்தது. நஞ்சப்பர் தட்டுவதை நிறுத்தினார். அவருடைய முழங்கால்கள் மடியத் தொடங்கின. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து தலைமை அமைச்சர் திரும்பினார். எதிரே மேற்கு வரிசையில் நூறு கண்கள் ஒரே நேரத்தில் ஒளி பெற்றன. அங்கே ஒருவர் அடுத்தவரை முழங்கையால் இடித்து, “பார், பார், உட்காரப் போகிறார்,” என்றார்.

நஞ்சப்பர் பாதி குனிந்த நிலையில் நின்றார். பிறகு கையை இன்னும் கீழே கொண்டுபோய், செருப்பின் வாரைச் சரிசெய்தார். நிமிர்ந்தார். முன்பைவிட வேகமாகக் கை தட்டினார்.

பாவாயி மாடத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“உக்கோருங்க சாமி!”

கைதட்டல் தடுமாறி நின்றது.

“எல்லாரும் ஒருக்கா உக்கோருங்க! நீங்க உக்காந்தாத்தான் இவரு உக்கார முடியும். சித்த நேரம் உக்காந்து கையத் தூக்கிப்போட்டு, அப்பறம் பொழுதுக்கும் நின்னுக்குங்க. ஆரு வேண்டாம்னாங்க? மணலு இன்னும் இருக்குதுங்க. உக்கோருங்க சாமி, உங்குளுக்குப் புண்ணியமாப் போகும்!”

மணல் இருந்தது. அவள் பேசி முடித்த பிறகும் கொஞ்சம் இருந்தது. அத்தனை பேரும் நின்றபடி அவளைப் பார்த்தார்கள். கடைசி மணல் விழுந்தது.

“காலாவதி,” என்றார் எழுத்தர்.

தலைமை அமைச்சர் தொண்டையைச் செருமினார். “ஆதரவு தெரிவித்து நிற்கும் பேரவையைப் பார்த்து உட்காரச் சொல்வதா? இந்த மன்றத்தின் கால்கள் இதுவரை இப்படி ஓர் அவமானத்தைச் சந்தித்ததில்லை.”

“தலைமை அமைச்சரோடு நான் எதிலும் உடன்பட்டவன் அல்லன்,” என்றார் எதிர்வரிசைத் தலைவர். “இதில் உடன்படுகிறேன்.”

அங்கேயே ஒரு தீர்மானம் எழுதப்பட்டது. மன்றத்தாரை அமரச் சொல்வது குற்றம். சொன்ன வீரரின் மனைவியும் அவளைப் போன்றவர்களும் இனி மாடம் ஏறலாகாது. அவைத்தலைவர் அதை வாசிக்க வாயெடுத்தபோது மன்ற விதிகளைக் கவனிக்கும் முறைகாவலர் ஒருவர் அவசரமாக வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவைத்தலைவர் தலையசைத்து, எழுதுகோலை எடுத்து, ‘வீரரின் மனைவி’ என்பதை அடித்துவிட்டு ‘ஒரு பெண்’ என்று எழுதினார். பிறகு வாசித்தார்.

இதற்கு யாரும் நிற்க வேண்டியிருக்கவில்லை. மொத்த மன்றமும் உட்கார்ந்தது. நாற்காலிகள் கிறீச்சிடும் ஓசை சிறிது நேரம் கேட்டது, அவ்வளவுதான். கைகள் உயர்ந்தன, கிழக்கிலும் மேற்கிலும். குடுவையின் அடிப்பாகம் மறையும் அளவுக்குக்கூட மணல் இறங்கவில்லை. நஞ்சப்பரின் கையும் உயர்ந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

ஆக, அவர்களுக்கு உட்காரத் தெரிந்திருந்தது. எந்தச் சொல்லை அடித்தால் உட்காரலாம் என்பதும் தெரிந்திருந்தது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது.

மன்றம் உட்கார்ந்துவிட்டதால் மாடத்துக் காவலர்களும் முறைப்படி கையை எடுத்தார்கள். செங்கோடன் கம்பளத்தின்மேல் சரிந்தார். பாவாயி தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் ஏற்றினாள். முதுகைத் தடவினாள். கன்னத்தைத் தட்டினாள்.

“மாமா, உக்காந்தாச்சு. எல்லாரும் உக்காந்தாச்சு. மூச்ச உடுங்க மாமா.”

வீரர் ஒருவர் விழுந்துவிட்டார் என்பதைக் கீழே அவைத்தலைவர் கவனித்தார். உடனே எழுந்தார். அவரைப் பார்த்து மன்றமும் எழுந்தது. இம்முறை கைதட்டவில்லை. தலை குனிந்து, கைகளை உடலோடு ஒட்டி, ஆழ்ந்த அமைதியில் நின்றார்கள். மன்றத்தாருக்கென்று வைத்திருந்த மருத்துவரும் அப்படியே தன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மாடத்துக் காவலர்களும் விறைத்து நின்றார்கள்.

அந்தப் பெரிய கூடத்தில் அப்போது உட்கார்ந்திருந்தவள் பாவாயி ஒருத்திதான். செங்கோடனின் தலை மடியில் இருந்ததால் அவளால் எழ முடியவில்லை. யாராவது வரட்டும் என்று கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். பல ஆண்டுப் பழக்கம். உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, உயர்ந்த கை. “ஒன்று,” என்றார்.

அவைத்தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

செங்கோடன் அங்கேயே இறந்தார். அவைக்குறிப்பில் அன்றைய நிகழ்ச்சியின் கடைசி வரி, ‘வீரரின் துணைவியார் கை உயர்த்தி மன்றத்தை வாழ்த்தினார்’ என்பது.

தேர்தல் வந்தது. இரண்டு தரப்பும் வீரர்களுக்கு அளித்த ஆதரவைச் சொல்லி வாக்குக் கேட்டன. எந்தத் தரப்பு வென்றது என்பதை எழுதுவதில் பயனில்லை. தலைநகரின் சுவர்களில் கிழக்கு வரிசையின் சுவரொட்டியும் மேற்கு வரிசையின் சுவரொட்டியும் அருகருகே ஒட்டப்பட்டிருந்தன. இரண்டிலும் ஒரே படம். மன்ற ஓவியர் நன்றாகவே வரைந்திருந்தார். கலைந்த தலைமுடி, திறந்த வாய், உயர்ந்த கை. மடியில் கிடந்தவரை மட்டும் வரையவில்லை.